சீட்டில் தொழிலை எழுதுங்கள்!

(புன்னைக்காயல் பொதுக்கூட்டத்தில் பேசியது)



1586இல் தமிழ்ப் புத்தகம் அச்சான ஊர் இது என்று பெருமை பேசுகிறோம். பேச வேண்டியதுதான். ஆனால் புத்தகம் எழுதிய அதே அண்டிரிக் அடிகளார், அதற்குப் பல வருஷங்கள் முன்பே இங்கே ஓர் ஆஸ்பத்திரி ஏற்படுத்தினார் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அது ஊரார் கொடுத்த பணத்தில் நடந்தது. ஊரார் பணம் என்றால் எது? கடலில் மூச்சடக்கிச் சம்பாதித்த பணம்.

பாதிரியாரைப் புகழக் கம்யூனிஸ்டுகள் கிளம்பிவிட்டார்களா என்று சிலர் சிரிக்கலாம். சிரிக்கட்டும். நாம் புகழ்வது மடியை அவிழ்த்துக் கொடுத்த பரதவனை.

முத்துக்குளிப்பு 1961உடன் நின்றது. முத்து போர்ச்சுகீசியனுக்கும் டச்சுக்காரனுக்கும் வெள்ளைக்காரனுக்கும் போயிற்று. குளித்தவனுக்குக் கிழிந்த செவிப்பறை மிஞ்சியது. இன்று இந்தக் கரையில் சங்கு குளிப்பவர்கள் கம்ப்ரஸர் காற்றைக் குழாயில் இழுத்துக்கொண்டு ஆழத்தில் வேலை செய்கிறார்கள். அவசரமாக மேலே வந்தால் ரத்தத்தில் குமிழி உண்டாகி மூட்டைப் பிடிக்கிறது. முதுகுத்தண்டைத் தாக்கினால் கால் விழுந்துவிடுகிறது. இவரை வாத நோயாளி என்று வலி மாத்திரை கொடுத்து அனுப்பினால் கதி என்ன?

ஆறுமுகநேரி உப்பளத்தில் வெண்மையின் கூச்சம் கண்ணைக் கெடுக்கிறது, உப்பு காலை அரிக்கிறது. ஆத்தூர்க் கொடிக்காலிலும் ஏரல் வாழைத் தோட்டத்திலும் பூச்சிமருந்தும் பாம்பும். தூத்துக்குடி ஆலைத் தொழிலாளிக்குப் பஞ்சுத் தூசி நுரையீரலில். காயல்பட்டினத்துச் சகோதரிக்குப் பிரசவ வலி நள்ளிரவில் வந்தால் அங்கே பெண் டாக்டர் இருக்க வேண்டும். கிறிஸ்தவர், முஸ்லிம், இந்து எல்லோருக்கும் ஒரே வரிசைதான். ஆனால் வியாதி ஒன்றல்ல. ஆகவே சீட்டு எழுதும் ஜன்னலில் பெயரும் வயதும் கேட்டால் போதாது, என்ன தொழில் என்றும் கேட்டு எழுத வேண்டும். இதற்குக் காசு செலவில்லை. ஒரு வரி மை.

காசு செலவாகும் கோரிக்கைகளும் உண்டு. 1948இல் ஈ.எஸ்.ஐ. சட்டம் வந்து ஆலைத் தொழிலாளிக்கு வைத்திய உரிமை தந்தது. அந்த நிழல் மீனவருக்கும் வயல் கூலிக்கும் எட்டவில்லை. அவர்களுக்கு சர்க்கார் ஆஸ்பத்திரியை விட்டால் கதியில்லை. மாத்திரை இலவசமாகக் கிடைக்கிறது, மறுக்கவில்லை. ராத்திரி டாக்டர்? ரத்தம்? 2017ஆம் வருஷத்து தேசிய சுகாதாரக் கொள்கை, நாட்டின் மொத்த உற்பத்தியில் நூற்றுக்கு இரண்டரை பங்கை 2025க்குள் மக்கள் வைத்தியத்துக்கு ஒதுக்குவதாக எழுதியது. 2025 வந்து போயிற்று. இரண்டரை வரவில்லை.

2023 டிசம்பரை மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி பெருகி ரோடுகள் அறுந்தன. தூத்துக்குடி பெரிய ஆஸ்பத்திரிக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் வெள்ளத்தில் சிக்கிய ரயிலிலிருந்து கர்ப்பிணியை ஹெலிகாப்டரில் தூக்க வேண்டியதாயிற்று. ஆற்று முகத்துவாரத்தில் இருக்கும் இந்த ஊருக்கு ஹெலிகாப்டரை நம்பியா வைத்தியம்? மழைக்காலம் தொடங்குமுன்பே மருந்தும் நர்ஸும் படகும் இங்கேயே இருக்க வேண்டும் என்று கேட்கிறோம்.

மகஜர் மேஜைமேல் இருக்கிறது. கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் கைநாட்டு வைக்கலாம். பெயருக்குப் பக்கத்தில் தொழிலையும் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறோம். நாளை ஆத்தூர், மறுநாள் காயல்பட்டினம் போகிறோம். கூட வரக்கூடியவர்கள் காலை ஆறு மணிக்கு பஸ் நிற்கும் இடத்துக்கு வந்துவிடுங்கள்.