கணையக் கட்டியும் திரும்பி வரும் காய்ச்சலும்

போத்தனூரில் கிளினிக் வைத்திருக்கும் மருத்துவன் நான். இன்று கணையத்தைப் பற்றிப் பேசப்போகிறேன்.

இரைப்பைக்குப் பின்னால் குறுக்கே படுத்திருக்கும் உறுப்பு கணையம். பித்தப்பைக் கல் குழாயை அடைத்தாலோ, மது மிஞ்சினாலோ அது வீங்கி, தான் சுரக்கும் செரிமான நீராலேயே புண்பட்டுப்போகும். பெரும்பாலோர் சில நாளில் தேறிவிடுகிறார்கள். சிலருக்குக் கசிந்த நீர் அருகிலேயே தேங்கிக் கட்டியாகிறது. அதைச் சுற்றி உறுதியான சுவர் எழும்ப 4 வாரமாவது ஆகும். பயப்படாதீர்கள், இது புற்றுநோய் அல்ல. பல கட்டிகள் தாமாகவே வற்றிவிடும்.

கவலை எப்போது? கட்டிக்குள் கிருமி புகுந்து, நீர் சீழாகும்போது. பெரும்பாலும் நம் குடலில் வாழும் கிருமிகள்தான் அங்கே போய்ச் சேர்கின்றன.

ஓர் அம்மா தன் கணவரை அழைத்து வந்தார். "ஏனுங்க டாக்டரு, வலி கொறஞ்சு ஊட்டுக்கு வந்து ஒரு மாசமாச்சுங்க. இப்பப் பொழுது சாஞ்சா குளிருங் காச்சலுமா இருக்குதுங்க" என்றார். மேல்வயிற்றில் கை வைத்ததுமே கணவருக்கு வலி தாங்கவில்லை. பழைய டிஸ்சார்ஜ் சீட்டை வாங்கிப் பார்த்தேன், கணைய வீக்கம் என்றிருந்தது; அன்றே பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினேன். சி.டி. ஸ்கேனில் கட்டிக்குள் காற்றுக் குமிழிகள் தெரிந்தன. கிருமித்தொற்றுக்கு அது வலுவான அடையாளம். அந்தச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள் நேயர்களே, எந்த மருத்துவரிடம் போனாலும் முதலில் அதை நீட்டுங்கள்.

இனி, என்னை எப்போதும் வியக்கவைக்கும் பகுதி. பொதுச்சுவர் வைத்த இரண்டு வீடுகளைப் போல, கட்டியும் இரைப்பையும் பல நேரம் ஒட்டிக் கிடக்கும். அந்தச் சுவரில் ஒரு வாசல் திறந்தால் சீழ் இரைப்பைக்குள் வடிந்து, குடல் வழியே வெளியேறிவிடும். வாய் வழியே செலுத்தும் எண்டோஸ்கோப்பின் முனையிலேயே இன்று ஸ்கேன் கருவி இருக்கிறது. ரத்தக்குழாய் குறுக்கிடாத இடம் பார்த்துத் துளையிட்டு ஸ்டென்ட் என்னும் சிறு குழாயை வைக்கிறார்கள். கட்டி சுருங்கியதும் ஸ்டென்ட்டை எடுத்துவிடுகிறார்கள். வயிற்றில் தையலே இல்லை!

இதே வாசலை, வயிற்றில் சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பி மூலமும் வைக்கலாம். நம் கோவையின் டாக்டர் சி. பழனிவேலு குழுவினர் கணையக் கட்டிகளுக்குச் சிகிச்சை பெற்ற 108 பேரின் அனுபவத்தை 2007-ல் வெளியிட்டார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு லேப்ராஸ்கோப்பியில், இரைப்பைக்குள்தான் வழி அமைத்திருந்தார்கள்.

சுவர் உறுதிப்படும் முன்பே உடம்பு மோசமானால்? ஆன்டிபயாட்டிக் கொடுத்து, தோல் வழியே குழாய் வைத்துச் சீழை வடிப்பார்கள். கணையத் திசு அழுகிக் கிருமி பிடித்தவர்களுக்கு, நெதர்லாந்து மருத்துவர்கள் முதலில் இப்படி வடித்துப் பார்த்தார்கள். மூன்றில் ஒருவருக்கு மேல் அதுவே போதுமானதாக இருந்தது என 2010-ல் அறிவித்தார்கள்.

நேரம் முடிகிறது. மதுவை அடியோடு விடுங்கள். கணைய வீக்கத்துக்குப் பித்தப்பைக் கல் காரணமென்றால் அதை அகற்றுவதைத் தள்ளிப்போடாதீர்கள். கணைய வீக்கம் வந்து போனவருக்குக் காய்ச்சல், குளிர், வயிற்றுவலி திரும்பினால் மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டு நாளைக் கடத்தாமல், அன்றே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.