வற்றிய பீலிக்குச் சாட்சி யார்?

(எல்லவில் நிகழ்த்திய உரை)



உமா ஓயாத் திட்டத்துக்காக இம்மலைகளைக் குடைந்த சுரங்கத்தில் 2014ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில் நீர் பீறிட்டது. மலையின் வயிற்றில் நின்ற ஊற்று நீர் சுரங்கவழியே வடிந்தோட, பண்டாரவளைப் பகுதியிலே கிணறுகள் வற்றின. வீட்டுச் சுவர்கள் பிளந்தன. 2017 ஜூனில் மக்கள் வீதிக்கு வந்தார்கள். 2024 ஏப்ரலில் 120 மெகாவாட் மின் நிலையம் திறந்து வைக்கப்பட்டது. மின்சாரம் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. சொன்னதாகத் திரிப்போர் திரிக்கட்டும்!

ஆனால் வழக்கு மன்றத்திலே கண்ணீர் சாட்சியாகாது. முன்பு எத்தனை அடி நீர் நின்றது, எந்த மாதம் இறங்கியது என்றே கேட்பார்கள். சுன்னாகத்தைப் பாருங்கள். அங்கே அனல் மின் நிலையத்து எண்ணெய்க் கழிவு கிணறுகளிற் கலந்தது. நீரைச் சோதித்த அறிக்கைகள் இருந்தன. 2019இல் நாட்டின் அதியுயர் நீதிமன்றம் மின்னுற்பத்திக் கம்பனி 2 கோடி ரூபாய் நட்டஈடு செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தது.

அங்கே கிணற்றுக்கு உறுதி உண்டு, உரிமையாளர் உண்டு. நம் லயத்துப் பீலிக்கு? இருபது குடும்பம் குடிக்கும் நீர் ஒருவர் பெயரிலும் இல்லை. அது வற்றினால் நட்டத்தை யார் பெயரிற் பதிவார்கள்?

ஆகவே லயத்துக்கொரு கொப்பி வையுங்கள். ஒரு வாளி நிரம்ப எத்தனை நிமிடமென்று வாரந்தோறும் தேதியிட்டு எழுதி, இருவர் கையொப்பமிடுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளையே எழுதலாம். ஆராய்ச்சியாளர் வந்து நீரெடுத்தால் முடிவின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். முதற் கொப்பிகளை நாமே கொண்டு வந்திருக்கிறோம். கூட்டம் முடிந்ததும் தோட்டத் தலைவர்மார் பெற்றுச் செல்லலாம்.