கப்பல் ஏறுவதற்கு முன்



லிட்டில் அந்தமானின் டுகாங் கிரீக்கில் ஓங்கே மக்களிடையே பணியாற்றியவர் துணைச் செவிலியர் சாந்தி தெரேசா லக்ரா. 2004 ஆழிப்பேரலை தாக்கியபோதும் அவர்களை விட்டு நகராதவர். 2011இல் பத்மஸ்ரீ பெற்றவர். அங்கே தம்மிடம் வருபவரின் குடிசையும் சாப்பாடும் அவருக்குத் தெரிந்திருந்தது. நகரத்து வார்டில் இருக்கும் சிஸ்டருக்கு அது தெரியாது. கேட்டுத்தான் அறிய வேண்டும். செவிலியப் பணி அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.

கேம்பல் பேயிலிருந்து ஒரு பெரியவர், சர்க்கரை நோயால் காலில் ஆறாத புண்ணோடு போர்ட் பிளேர் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) ஜி.பி. பந்த் மருத்துவமனையில் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மருத்துவர் நோயைக் கண்டறிந்து மருந்து எழுதுகிறார். சிஸ்டர் நாடியும் காய்ச்சலும் பார்ப்பதோடு பாதத்தைத் தொட்டு, உணர்ச்சி இருக்கிறதா என்றும் பார்க்கிறார். செருப்புப் போடுவாரா, இன்சுலின் ஊசியில் உள்ள கோடு கண்ணுக்குத் தெரிகிறதா, வீட்டில் துணைக்கு யார் என்றெல்லாம் விசாரிக்கிறார். 1961இல் வெளியான தம் நூலில் அமெரிக்கச் செவிலியர் ஐடா ஜீன் ஒர்லாண்டோ வலியுறுத்தியதும் இதைத்தான்: நோயாளிக்கு என்ன தேவை என்று நாமே ஊகிக்கக் கூடாது, அவரிடமே கேட்டு உறுதி செய்ய வேண்டும். இந்தி, வங்காளம், தமிழ், தெலுங்கு, நிக்கோபாரி எல்லாம் ஒலிக்கும் நம் வார்டுகளில் இது எளிதான வேலை இல்லை.

பெரியவருக்குப் பாதம் மரத்திருக்கிறது, பார்வை மங்கல், இன்சுலின் போடத் தெரியாது. இது சிஸ்டர் கண்டறிந்தது. வீட்டுக்கு அனுப்புவதற்குள் அவர் மகள் சரியான அளவில் மருந்தை ஏற்றப் பழக வேண்டும் என்பது திட்டம். சொல்லிக் கொடுத்தாயிற்று என்று சார்ட்டில் எழுதிவிட்டால் போதாது. மகளையே செய்யச் சொல்லிப் பார்க்க வேண்டும். தவறினால் வேறு விதமாக மறுபடியும் சொல்லித் தர வேண்டும். வேலை நெருக்கடியில் முதலில் விடுபட்டுப்போவது, செய்யச் சொல்லிப் பார்க்கும் இந்தக் கடைசிப் படிதான். நம் தீவுகளில் அது விடுபடவே கூடாது. கேம்பல் பே மருத்துவமனையிலிருந்து ஐந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. சந்தேகம் வந்தால் மறுநாள் வந்து கேட்க முடியாது.

இன்னொன்றும் உண்டு. இன்சுலின் போட்டுக்கொண்டு கப்பலில் வாந்தி எடுத்தால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம். வியர்த்து, கை நடுங்கினால் உடனே சர்க்கரையோ குளுக்கோஸோ கொடுக்க வேண்டும். மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது. ஆகவே டிஸ்சார்ஜ் ஆகும்போது, கப்பலில் எத்தனை மணி நேரம் என்பதை சிஸ்டரிடம் சொல்லுங்கள். பயண நாளில் மருந்தின் அளவு என்ன என்று மருத்துவரிடம் கேட்டு, அதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.