காட்டுக்குள் ஓர் ஊர் வரைவோம்

(கன்னியாகுமரி மாவட்ட ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு வகுப்பறைச் செயல்பாட்டைப் பற்றி உங்களிடம் பேச வந்திருக்கிறேன். உலகில் இல்லாத ஓர் ஊரை மாணவர்கள் கூடி உருவாக்குவதுதான் அது. காட்டுக்குள், மரங்களின் மேல், கற்பனை மாந்தர் வாழும் ஊர். ஏழாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் இதை மூன்று ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். ஐந்து பாடவேளைகள் போதும். ஒரு பெரிய தாள், பென்சில், அளவுகோல் தவிர வேறு செலவு இல்லை.

'எல்ஃப்' என்ற சொல் நம் பிள்ளைகளுக்குத் தெரியும். திரைப்படத்திலும் கைப்பேசி விளையாட்டிலும் பார்த்திருக்கிறார்கள். கூர்மையான காது, கையில் வில், நீண்ட ஆயுள், காட்டில் வீடு. ஐரோப்பிய நாட்டார் கதைகளில் இருந்த இந்த மாந்தருக்கு இன்று நாம் காணும் உருவத்தைப் பெரிதும் தந்தவர் ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் டோல்கீன். 1937இல் 'தி ஹாபிட்' நாவலையும், 1954, 1955ஆம் ஆண்டுகளில் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலை மூன்று பகுதிகளாகவும் வெளியிட்டார். அதில் லோத்லோரியன் என்றொரு காடு வருகிறது. அங்கே எல்ஃபுகள் மரத்தின் மேல் பலகைத் தளம் அமைத்து வாழ்கிறார்கள். தளத்தின் நடுப்பக்கம் ஒரு வட்டத் திறப்பு; அதன் வழியாக ஏணியில் ஏற வேண்டும். கைப்பிடிச் சுவர் கிடையாது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கம் மாற்றி வைத்துக்கொள்ள ஒரு பின்னல் தட்டி மட்டும் உண்டு. உயரம் பழகாத விருந்தாளிகள், தூக்கத்தில் உருண்டு விழுந்துவிடுவோமோ என்று பயப்படுகிறார்கள்.

இந்தப் பகுதியை வகுப்பில் கதையாகச் சொன்னேன். அந்தத் தட்டியைக் கவனியுங்கள். மந்திரம் நிறைந்த கதையிலும் காற்று அடிக்கிறது. அதற்கு ஒரு தட்டி வேண்டியிருக்கிறது. அதனால்தான் அந்த ஊர் இருப்பதாகவே வாசகர் நம்புகிறார். கற்பனை என்பது எதை வேண்டுமானாலும் வரைவது அன்று, வரைந்ததற்குக் காரணம் சொல்ல முடிவது என்பதைப் பிள்ளைகளுக்குப் புரியவைக்க அந்த ஒரு தட்டியே போதுமானதாக இருந்தது.

முதல் படங்கள்

முதல் பாடவேளையில் எந்த விதியும் சொல்லாமல் வரையச் சொல்லுங்கள். அவர்கள் மனத்தில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்பது தெரிந்துவிடும். என் வகுப்பில் வந்தவை இறகுக் கிரீடம், ஈட்டி, இலை ஆடை, நெருப்பைச் சுற்றி ஆட்டம். 'காட்டில் வாழ்பவர்' என்றதும் நம் சினிமா கற்றுக்கொடுத்த படம் அது.

பேச்சிப்பாறைக்கு மேலே உள்ள காணிக் குடியிருப்பிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவி ஒருத்தி அந்த வகுப்பில் இருந்தாள். அவள் தாளில் ஒரு கோடும் இல்லை. பக்கத்தில் இருந்தவன், "உனக்கென்ன, உங்க ஊர வரஞ்சாலே போதுமே" என்றான். நாலைந்து பேர் சிரித்தார்கள். அவள் தாளைத் திருப்பி வைத்துக்கொண்டாள்.

இந்தச் செயல்பாட்டில் நாம் மிகவும் கவனமாக இருக்க வேண்டிய இடம் இதுதான். காணி மக்கள் எல்ஃபுகள் அல்லர். அவர்கள் நம் பக்கத்து ஊர்க்காரர்கள். ரப்பரும் நல்லமிளகும் மரச்சீனியும் பயிரிடுகிறார்கள். குடும்ப அட்டையும் கைப்பேசியும் வைத்திருக்கிறார்கள். பலர் சிமென்ட் வீட்டில் வசிக்கிறார்கள். முன்பு ஈற்றையாலும் மூங்கிலாலும் வீடு கட்டினார்கள். யானைக்குத் தப்ப மரத்தின் மேல் ஏறுமாடம் அமைத்தார்கள். அது வேடிக்கைப் பொருள் அன்று, பட்டறிந்த கட்டடக் கலை. இதை நான் வகுப்பில் நேரடியாகவே சொல்வேன். ஆனால் ஒரு பிள்ளையை எழுப்பி நிறுத்தி, "நீ சொல்லும்மா, உங்க காட்டுல எப்படி?" என்று கேட்கமாட்டேன். சிரிப்புக்கு ஆளான பிள்ளையைக் காட்சிக்கு நிறுத்தினால் காயம் இரட்டிப்பாகும். கேள்வி எல்லாக் குழுக்களுக்கும் பொதுவாக இருக்க வேண்டும். தெரிந்தவர் தாமே வாய் திறக்க இடம் விட வேண்டும்.

தொல்காப்பியம் தரும் அட்டவணை

பொதுவான கேள்விகளுக்கு எங்கே போவது? நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று நாம் ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதுகிறோம். தேர்வுக்கு மனப்பாடம் செய்யவைக்கிறோம். ஓர் உலகத்தைப் படைக்க இதைவிட ஒழுங்கான முறையை நான் கண்டதில்லை.

முதற்பொருள் நிலமும் பொழுதும். ஊர் மலையில் எந்த உயரத்தில் இருக்கிறது? எப்போது மழை? நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. அப்படியென்றால் கூரையின் சரிவு எந்தப் பக்கம்? விறகு எங்கே காயும்?

கருப்பொருள் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ். இவை ஒவ்வொன்றையும் ஒரு குழுவுக்குப் பிரித்துக் கொடுங்கள். "இவங்க சாப்பாட்டுக்கு என்ன செய்வாங்க சார்?" என்ற கேள்வி அங்கேதான் பிறக்கும். தினை விதைத்தால் கிளி வரும். கிளியை ஓட்டப் பரண் வேண்டும். பரணில் யார் நிற்பது? ஒரு விடை அடுத்த கேள்வியைக் கொண்டுவரும்.

உரிப்பொருள் அந்த மக்களின் மனம். அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் பாடவேளையில் நான் வைத்த முதல் கேள்வி, "யானை வரும் வழி எது?" என்பது. வீட்டை வரைவதற்கு முன்னால் அந்த வழியை வரைய வேண்டும் என்பது விதி. தாளைத் திருப்பி வைத்திருந்த மாணவிதான் அன்று முதலில் பென்சிலை எடுத்தாள். ஓடையிலிருந்து மூங்கில் புதர்வரை ஒரு கோடு இழுத்தாள். "இது ஆனைக்கு உள்ளது. இதுல நாம ஒண்ணும் கெட்டக்கூடாது" என்றாள். அவள் குழுவில் யாரும் சிரிக்கவில்லை. எல்லாருக்கும் ஊரை எங்கே வைப்பது என்ற கவலை வந்துவிட்டது.

நான்கு நிலத்துப் பிள்ளைகள்

குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்ற நான்கு நிலமும் உள்ள மாவட்டம் நம்முடையது. எங்கள் பள்ளியில் விடுதி இருப்பதால் பல பக்கத்துப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். காட்டைப் பற்றிய கேள்விக்குக் காட்டுப் பிள்ளைகள்தான் விடை சொல்வார்கள் என்று எண்ணியிருந்தவர்களுக்கு அடுத்தடுத்த நாள்கள் வியப்பாக இருந்தன.

எந்த மரத்தில் தளம் கட்டலாம் என்று பேச்சு வந்தது. முருங்கை முறியும் என்று எல்லாருக்கும் தெரியும். ரப்பர்த் தோட்டம் உள்ள வீட்டுப் பையன், "ரப்பர் வேண்டாம் சார், ஒக்கியில எங்க மரம் அத்தனையும் ஒடிஞ்சு போச்சுன்னு அப்பா சொல்லுவாவ" என்றான். 2017 நவம்பர் 30இல் அடித்த ஒக்கி புயலை அவன் வீட்டார் மறக்கவில்லை. கடைசியில் அயனி மரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள்.

பலகையை மரத்தோடு எப்படிப் பிணைப்பது? ஆணி அடிக்கலாம் என்றார்கள் பலர். குளச்சல் பக்கத்திலிருந்து குடிவந்த குடும்பத்து மாணவி மறுத்தாள். "கட்டுமரத்துல ஆணி கிடையாது. கயிறுதான். அலைக்கு மரம் அசையும், கயிறு கூடவே அசஞ்சு கொடுக்கும்." காற்றில் ஆடும் மரத்துக்கும் அதே கணக்குத்தான் என்று அவளே முடிச்சுப் போட்டுக் காட்டினாள்.

ஓடைத் தண்ணீரை மேல்வீடும் கீழ்வீடும் எப்படிப் பங்கிடுவது என்றபோது, தோவாளைப் பக்கத்து வயல்காரர் வீட்டுப் பையன் முறை வைக்க வேண்டும் என்றான். கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேராத கதை அவன் வீட்டில் அன்றாடப் பேச்சு. 1906இல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையிலிருந்துதான் நாஞ்சில் நாட்டு வயலுக்குத் தண்ணீர் போகிறது என்பதைச் சமூக அறிவியல் ஆசிரியர் அப்போதே விளக்கினார். மலைமேல் இருக்கும் காடும் தன் வீட்டு வயலும் ஒரே வாய்க்காலின் இரு முனைகள் என்பது அவனுக்கு அன்று விளங்கியது.

கணக்கு ஆசிரியருக்கும் வேலை உண்டு. கூரையின் நீளம் 5 மீட்டர், அகலம் 4 மீட்டர். பரப்பு 20 சதுர மீட்டர். அதில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 200 லிட்டர் தண்ணீர். பத்துப் பேருக்கு நாளொன்றுக்குக் குடிக்க 30 லிட்டர் என்றால் எத்தனை நாளுக்கு வரும்? தளத்தில் பத்துப் பிள்ளைகள் நின்றால் எத்தனை கிலோ? வரைபடத்துக்கு எந்த அளவைத் திட்டம்? தாங்கள் படைத்த ஊருக்கான கணக்கு என்பதால் யாரும் முகம் சுளிக்கவில்லை.

யோசனை யாருடையது?

படத்தின் ஓரத்தில் ஒரு பட்டியல் கட்டாயம் இருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறேன். 'யோசனை தந்தவர்' என்பது தலைப்பு. யானை வழி இன்னார், கயிற்றுக் கட்டு இன்னார் என்று பெயர் எழுத வேண்டும்.

இதற்கு ஒரு காரணம் உண்டு. 1987இல் அகத்தியமலைக் காட்டில் ஆய்வுக்குச் சென்ற புஷ்பாங்கதன் உள்ளிட்ட அறிவியலாளர்கள், வழிகாட்டிகளாக வந்த காணி மக்கள் ஒரு சிறு செடியின் காயைத் தின்றுகொண்டு களைப்பில்லாமல் மலை ஏறுவதைக் கவனித்தார்கள். அந்தச் செடி ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து உருவானது. பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிறுவனம், மருந்து உரிமத்தால் கிடைக்கும் தொகையில் பாதியைக் காணி மக்களுக்குத் தர முடிவு செய்தது. 1997இல் அதற்காக அவர்களுடைய அறக்கட்டளை ஒன்று தொடங்கப்பட்டது. மரபறிவின் பலனை அதற்கு உரியவரோடு பகிர்ந்துகொண்டதற்கு உலக அளவில் எடுத்துக்காட்டாகப் பேசப்படும் நிகழ்வு இது. நம் மலைக்கு அந்தப் பக்கம் நடந்தது. இதைச் சொன்ன பிறகு பட்டியலில் பெயர் எழுத யாரும் மறப்பதில்லை.

கடைசிப் பாடவேளை

ஐந்தாம் பாடவேளை உரிப்பொருளுக்கு. இந்த ஊரில் வாழ்பவர் எதற்கு மகிழ்வார், எதற்கு அஞ்சுவார், யாருக்காக ஏங்குவார் என்று ஒரு பக்கம் எழுத வேண்டும்.

சென்ற ஆண்டு ஒரு குழு தங்கள் ஊரை ஏரியின் மறுகரையில் வைத்திருந்தது. முல்லைக்கு உரியது இருத்தல், அதாவது காத்திருத்தல் என்று படித்ததை எடுத்துக்கொண்டு, தங்கள் ஊரின் உரிப்பொருளும் அதுவே என்று எழுதினார்கள். பள்ளிக்குப் போன பிள்ளையை ஏற்றிவரும் வள்ளத்துக்காக ஓர் எல்ஃப் தாய் கரையில் நிற்கிறாள். மழை வலுக்கிறது. வள்ளம் வருமா வராதா என்று தெரியவில்லை. அவ்வளவுதான் கதை.

பேச்சிப்பாறை நீர்த்தேக்கத்தின் மறுகரையிலும் படகை நம்பி வாழும் குடியிருப்புகள் உண்டு என்பது இங்கே இருக்கும் பலருக்குத் தெரியும். அந்தக் குழுவில் இருந்த ஐவரில் ஒருவன்தான் அங்கிருந்து வருபவன். மற்ற நால்வரும் அவனிடம் கேட்டுக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். அவன் திங்கள்கிழமைகளில் ஏன் தாமதமாக வருகிறான் என்று வருகைப் பதிவேட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. அந்த ஒரு பக்கத்தைப் படித்த வகுப்பு ஆசிரியர், மழைக்காலத் திங்கள்களில் முதல் பாடவேளையின் குறிப்புகளை அவனுக்காக எடுத்துவைக்கத் தொடங்கினார்.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் இதை மூன்று கேள்விகளாகச் சுருக்கிக்கொள்ளலாம்: நம் ஊரில் யாரெல்லாம் இருக்கிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள், எந்த விலங்கு பக்கத்தில் வாழ்கிறது? களிமண்ணும் ஈர்க்குச்சியும் கொடுங்கள். கட்டி முடித்த பிறகு ஒவ்வொரு பிள்ளையையும் தான் செய்த பகுதியைக் காட்டிப் பேசவையுங்கள். மதிப்பிடும்போது படத்தின் அழகுக்கு மதிப்பெண் தராதீர்கள், "ஏன் இப்படி வைத்தாய்?" என்ற கேள்விக்குச் சொல்லும் காரணத்துக்குத் தாருங்கள்.

காடு இல்லாத ஊரில் பணிபுரிகிறோமே என்று நினைக்க வேண்டாம். கடற்கரைப் பள்ளியில் கடலடி ஊர் வரையலாம். வயல்வெளிப் பள்ளியில் குளத்துக்குள் ஊர் வரையலாம். இல்லாத ஊரைப் பற்றிக் கேளுங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தோழனின் ஊர் எப்படிப்பட்டது என்பது பிள்ளைகளுக்கு அப்போது தெரியவரும்.