பிரேக்கை நிறுத்தியவர் யார்?

2018 மார்ச் 18, இரவு பத்து மணிக்குச் சற்று முன்பு, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் டெம்பி என்ற ஊரில் ஒரு பெண் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்தார். ஊபர் நிறுவனம் சோதித்துக்கொண்டிருந்த, தானாக ஓடும் கார் அவர்மீது மோதியது. அவர் இறந்துபோனார்.

கார் அவரைப் பார்க்கவில்லையா? பார்த்தது. மோதுவதற்கு 5.6 விநாடிக்கு முன்பே உணர்கருவிகள் கண்டுவிட்டன. கண்டது என்ன என்பதில்தான் குழப்பம். மென்பொருள் வாகனம் என்றது, வேறேதோ என்றது, சைக்கிள் என்றது. முடிவு மாறும்போதெல்லாம், அதுவரை அந்த உருவம் நகர்ந்து வந்த தடத்தை மறந்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. கோடு போடாத இடத்திலும் மனிதர்கள் சாலையைக் கடப்பார்கள் என்று அதற்குச் சொல்லிக்கொடுக்கவே இல்லை. நாமெல்லாம் வேறெங்கே கடக்கிறோம்!

ஆபத்து உறுதியான பிறகும் ஒரு விநாடி பொறுக்கும்படி அமைத்திருந்தார்கள், கார் வீணாக பிரேக் போடக் கூடாது என்பதற்காக. அந்த வால்வோ கார் அவசர பிரேக் வசதியோடுதான் வந்தது. கணினி ஓட்டும்போது அது வேலை செய்யாதபடி ஊபர் நிறுத்திவைத்திருந்தது. காரில் இருந்து கண்காணிக்கும் இருவரை ஒருவராகக் குறைத்ததும் ஊபர்தான்.

ஓட்டுநராக இருந்த அந்த ஒருவர் கைப்பேசியில் நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருந்தார். தவறுதான். அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் அறிக்கையும் அதையே முதன்மைக் காரணமாகச் சொன்னது. ஊபரின் பாதுகாப்பு நடைமுறைகள் போதவில்லை என்றும் அதே அறிக்கை சொன்னது. உள்ளே கேமரா இருந்தும், ஓட்டுநர் என்ன செய்கிறார் என்று நிறுவனம் அபூர்வமாகத்தான் பார்த்ததாம்.

2019 மார்ச்சில், ஊபர்மீது குற்றவழக்குத் தொடர முகாந்திரமில்லை என்றார் அரசு வழக்கறிஞர். வழக்கு ஓட்டுநர்மீது பாய்ந்தது. 2023-இல் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு, மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பில் வைக்கப்பட்டார். ஊபரோ, தானாக ஓடும் கார்களுக்கான தன் பிரிவை அரோரா என்ற நிறுவனத்துக்குக் கைமாற்ற 2020-இலேயே ஒப்புக்கொண்டுவிட்டது. பிரேக்கை நிறுத்தச் சொன்னவர், ஆளைக் குறைத்தவர் எவரும் நீதிமன்றப் படி ஏறவில்லை. எனக்கு உறுத்துவது இதுதான்.

2024-இல் பிரிட்டன் ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி, அனுமதி பெற்ற கார் தானாக ஓடும்போது, அது ஓடும் விதத்துக்கு உள்ளே இருப்பவரல்ல, அனுமதி பெற்ற நிறுவனமே பொறுப்பு. டெம்பியில் நடந்தது போன்ற சோதனை ஓட்டம் வேறு கதை. ஆனாலும் ஒன்று கவனிக்கத்தக்கது: பாதுகாப்புத் தகவலை மறைத்தாலோ பொய்யாகத் தந்தாலோ, நிறுவனத்தோடு அதன் உயர் அதிகாரிகளும் குற்றவாளிக் கூண்டில் நிற்க நேரிடும்.