பழைய ஸ்போர்ட்ஸ் காரின் விளக்குக் கணக்கு

(நம் குடியிருப்பின் மாதாந்தரச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் சந்திப்பில் ஒவ்வொரு மாதமும் ஒருவர் தனக்குத் தெரிந்த கைவேலை ஒன்றைப் பற்றிப் பேசுவது வழக்கமாகிவிட்டது. மாடித் தோட்டம் கேட்டோம், தையல் கேட்டோம். என் முறை வந்ததும் செயலாளர், "சார், பேங்க் விஷயம் மட்டும் வேண்டாம்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். ஆகவே இன்று கார் வயரிங் பற்றிப் பேசுகிறேன். நடுவில் கணக்கு வந்துவிடும். பழக்கதோஷம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மாப்பிள்ளை இங்கிலாந்தில் 1971ஆம் வருடத்து எம்ஜிபி கார் ஒன்று வைத்திருக்கிறார். இரண்டு பேர் உட்காரும், கூரையை மடக்கிவிடலாம். ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் அபிங்டன் என்ற ஊரில், 1962 முதல் 1980 வரை, 5 லட்சத்துக்கும் மேல் செய்து விற்றார்கள். மகள் வீட்டுக்குப் போய் இருக்கும் மாதங்களில், மாப்பிள்ளையும் நானுமாக அதன் ஹெட்லைட், இன்டிகேட்டர் சுவிட்சுகளுக்குப் புது வயரிங் போட்டோம். அதில் தெரிந்துகொண்டதைத்தான் சொல்லப் போகிறேன்.

"இங்கிலாந்துக் கார் நமக்கெதற்கு?" என்று கேட்கலாம். தூரத்துச் சொந்தம்தான், ஆனால் சொந்தம் உண்டு. அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் கார்களில் சுவிட்ச், விளக்கு, டைனமோ எல்லாம் பெரும்பாலும் பர்மிங்ஹாம் லூகாஸ் கம்பெனியுடையவை. அதே லூகாஸ் 1960களின் தொடக்கத்தில் டிவிஎஸ்ஸுடன் சேர்ந்து நம் பாடியில் தொழிற்சாலை போட்டது. மெட்ராஸில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். அந்த ஹெரால்டின் சேஸிஸைக் குட்டையாக்கித்தான் இங்கிலாந்தில் டிரயம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. பிரிட்டனில் கார்களுக்கு வருடா வருடம் தகுதிச் சோதனை உண்டு. ஆனால் 40 வயது தாண்டிய, பெரிய மாற்றம் செய்யாத கார்களுக்கு 2018 மே மாதத்திலிருந்து அது கட்டாயமில்லை. சோதனைக்கு விலக்கு கொடுத்தார்களே தவிர, பொறுப்புக்கு விலக்கு கொடுக்கவில்லை. வண்டி சாலைக்கு ஏற்ற நிலையில் இருக்கவேண்டும் என்ற சட்டம் அப்படியே இருக்கிறது. குளிர்காலத்தில் அங்கே மாலை 4 மணிக்கெல்லாம் இருட்டிவிடும். கிராமத்துச் சாலைகளில் தெருவிளக்கும் கிடையாது. விளக்கைச் சோதிக்க வேறு ஆள் இல்லாதபோது, வண்டிக்காரர்தான் ஆடிட்டர்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நம் மோட்டார் ரூமில் வாட்ச்மேன் ஒரு பச்சைப் பட்டனை அழுத்துகிறார், தண்ணீர் மோட்டார் ஓடுகிறது. மோட்டாருக்குப் போகும் கரண்ட் முழுவதும் அந்தப் பட்டன் வழியாகவா போகிறது? இல்லை. பட்டன் உத்தரவு மட்டும்தான் போடுகிறது. ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் இருக்கும் கான்டாக்டர்தான் சுமையைத் தூக்குகிறது.

பழைய ஸ்போர்ட்ஸ் காரில் இந்த ஏற்பாடு இல்லை. பேட்டரியிலிருந்து கிளம்பும் கரண்ட் டேஷ்போர்டில் உள்ள ஹெட்லைட் சுவிட்சுக்கு வந்து, அங்கிருந்து டிம்-பிரைட் சுவிட்சுக்குப் போய், பிறகுதான் முன்னால் இருக்கும் விளக்கை அடைகிறது. 60 வாட் பல்பு இரண்டு என்றால் 120 வாட். 12 வோல்ட்டால் வகுத்தால் 10 ஆம்பியர். விரல் நுனி அளவு பித்தளைத் தொடுமுனை வழியாக, 50 வருடமாக, இரவு தோறும் 10 ஆம்பியர். தொடுமுனை கறுக்கிறது, தடை கூடுகிறது, சூடாகிறது, சூட்டில் இன்னும் கறுக்கிறது.

அங்கே லூகாஸைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு. அதன் நிறுவனரை "இருட்டின் இளவரசர்" என்பார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. 50 வருடம் மழையிலும் பனியிலும் நின்ற எந்தச் சுவிட்சும் களைத்துத்தான் போகும். குற்றவாளி வயதுதான்.

இனி கணக்கு. விளக்கு மங்கலாக எரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உடனே பலர் செய்வது, கடைக்குப் போய்ப் புது சுவிட்ச் வாங்குவது. அது தப்பு. முதலில் மல்டிமீட்டரை எடுக்க வேண்டும். முக்கியமான நிபந்தனை, விளக்கு எரியும்போதுதான் அளக்க வேண்டும். கரண்ட் ஓடாதபோது அளந்தால் எல்லா இடத்திலும் முழு வோல்ட் காட்டும். செக் கிளியர் ஆகுமுன் கணக்கில் தெரியும் இருப்பு மாதிரி, அதை நம்பிச் செலவு செய்யக்கூடாது.

ஓர் உதாரணம். விளக்கு எரியும்போது பேட்டரியில் 12.4 வோல்ட். பல்பின் இரண்டு முனைக்கும் நடுவில் அளந்தால் 10.6. வித்தியாசம் 1.8 வோல்ட். அது எங்கோ செலவாகியிருக்கிறது. மீட்டரின் இரண்டு முனைகளையும் சுவிட்சின் இரண்டு பக்கமும் வைத்தால் 0.8. டிம்-பிரைட் சுவிட்சில் 0.2. வழியிலுள்ள கனெக்டர்களில் 0.3. விளக்கிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் வயரில் 0.5. கூட்டினால் 1.8. டேலி ஆகிவிட்டது.

பாருங்கள், புது சுவிட்ச் மட்டும் போட்டிருந்தால் பாதிக்கும் மேல் நஷ்டம் அப்படியே இருந்திருக்கும். துருப்பிடித்த எர்த் ஒன்றே அரை வோல்ட்டைத் தின்கிறது. அதைச் சரிசெய்ய உப்புக் காகிதமும் பத்து நிமிடமும் போதும்.

1.8 வோல்ட் பெரிய தொகையா? 12.4இல் அது சுமார் 15 சதவீதம். ஆனால் இழைப் பல்பில் வோல்ட் 15 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் கிட்டத்தட்ட 40 சதவீதம் குறைந்துவிடும். இருட்டுச் சாலையில் சைக்கிளில் வருபவரைப் பார்ப்பதும் பார்க்காததும் இந்த 40 சதவீதத்தில் இருக்கிறது.

நிவாரணம் ரிலே. நம் மோட்டார் ரூம் கான்டாக்டரின் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சிறு பெட்டி, நான்கு முனை, எண்கள் 30, 85, 86, 87. பேட்டரியிலிருந்து தடித்த வயர் ஒன்று ஃபியூஸ் வழியாக 30க்கு வருகிறது. 87இலிருந்து விளக்குக்குப் போகிறது. ஏற்கெனவே விளக்குக்குப் போய்க்கொண்டிருந்த பழைய வயரை எடுத்து 86இல் செருகவேண்டும். 85 எர்த். அவ்வளவுதான். பழைய சுவிட்ச் இப்போது ரிலேயின் காயிலுக்கு மட்டும் கரண்ட் கொடுக்கிறது. அது கால் ஆம்பியர்கூட இல்லை. 10 ஆம்பியர் சுமந்த கிழவருக்கு இனி கையெழுத்துப் போடும் வேலை மட்டும். டேஷ்போர்டின் தோற்றமும் மாறாது, பழைய சுவிட்சும் அதன் இடத்திலேயே இருக்கும்.

டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என இரண்டு ரிலே போடவேண்டும். ஒன்று பழுதானாலும் மற்றதை வைத்து வீடு வந்து சேரலாம். புது வயர் 2 சதுர மில்லிமீட்டர் தடிமன் வேண்டும். இன்டிகேட்டருக்கு 1 சதுர மில்லிமீட்டர் போதும்.

அடுத்து ஃபியூஸ். அந்தக் காலத்து எம்ஜிபியில் ஹெட்லைட்டுக்கு ஃபியூஸே கிடையாது. எங்காவது வயர் உரசிப் பாடியில் பட்டால் வயரே ஃபியூஸாக எரியும். "ஃபியூஸ் வைத்தால், அது போகும்போது இரண்டு விளக்கும் ஒன்றாக அணையுமே, வளைவில் என்ன செய்வது?" என்று மாப்பிள்ளை கேட்டார். நல்ல கேள்வி. பதில், ஒரே ஃபியூஸ் வைக்காதீர்கள். இடது டிம், வலது டிம், இடது பிரைட், வலது பிரைட் என்று நான்கு தனி ஃபியூஸ், ஒவ்வொன்றும் 10 ஆம்பியர். ஒன்று போனால் ஒரு பக்கம்தான் அணையும்.

ஃபியூஸில் ஒரு சூட்சுமம். பழைய லூகாஸ் கண்ணாடி ஃபியூஸில் 35 என்று போட்டிருந்தால், அது 35இல் எரிந்துபோகும் என்று அர்த்தம். தொடர்ந்து தாங்குவது 17தான். வேறு சில முறைகளில் 35 என்றால் 35ஐத் தொடர்ந்து தாங்கும், எரிய அதைவிட அதிகம் வேண்டும். எண்ணை மட்டும் பார்த்து மாற்றினால் ஃபியூஸ் பிழைக்கும், வயர் எரியும். பேங்கில் தொகையை மட்டும் பார்த்து, அது வரவா பற்றா என்று பார்க்காமல் பதிந்தால் என்ன ஆகுமோ அதுதான் இங்கும்.

இனி இன்டிகேட்டர். இதன் சுமை குறைவு. ஒரு பக்கம் முன்னால் 21 வாட், பின்னால் 21 வாட், மொத்தம் 3.5 ஆம்பியர். ஆகவே ரிலே தேவையில்லை. இங்கே பெரும்பாலும் சுவிட்ச் நிரபராதி. பார்க்க வேண்டிய வரிசை இது. முதலில் பல்பும் அதன் ஹோல்டரும். பிறகு எர்த். பிறகு வழியிலுள்ள கனெக்டர்கள். பிறகு ஃபிளாஷர் யூனிட். கடைசியாகத்தான் ஸ்டியரிங் பக்கத்து லீவர் சுவிட்ச். சுலபமானதில் தொடங்கி, கழற்றக் கஷ்டமானதைக் கடைசியில் தொடவேண்டும்.

எர்த் கெட்டதற்கு ஓர் அடையாளம் சொல்கிறேன். இன்டிகேட்டர் போட்டால் பக்கத்திலிருக்கும் சிறிய பார்க்கிங் விளக்கும் சேர்ந்து லேசாக மினுக்கினால், அது எர்த் கோளாறு. இரண்டுக்கும் ஒரே எர்த். நேர்வழி அடைபட்டதால் கரண்ட் பக்கத்து பல்பு வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறது.

ஹஸார்டு சுவிட்ச் உள்ள மாடல்களில் இன்னொரு விஷயம். சாதாரண இன்டிகேட்டருக்கான கரண்டும் அந்தச் சுவிட்ச் வழியாகத்தான் போகும். வருடக்கணக்கில் தொடாததால் உள்ளே பாசி பிடித்தது போல ஆகிவிடும். பத்துப் பதினைந்து முறை தட்டித் தட்டி எடுத்தால் செத்த இன்டிகேட்டர் பல நேரம் உயிர் பெறும். செலவு பூஜ்யம்.

ஃபிளாஷர் யூனிட்டில் ஓடும் கரண்ட்டின் சூட்டில்தான் பழைய காரின் மினுக்கல் நடக்கிறது. அதனால் எல்இடி பல்பு போட்டால் கரண்ட் போதாமல் மினுக்காது. எல்இடிக்கு ஏற்ற ஃபிளாஷரையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

லீவர் சுவிட்சை மாற்றியே தீரவேண்டும் என்றால், பேட்டரியின் எர்த் முனையைக் கழற்றிவிட்டுத்தான் கைவைக்க வேண்டும். கழற்றுமுன் போட்டோ எடுங்கள். ஒவ்வொரு வயருக்கும் டேப் ஒட்டிப் பெயர் எழுதுங்கள். இந்தக் கார்களில் நிறத்துக்கு அர்த்தம் உண்டு. பிரவுன் என்றால் பேட்டரியிலிருந்து நேராக வருவது, எப்போதும் உயிரோடு இருக்கும். நீலம் ஹெட்லைட். நீலத்தில் வெள்ளைக் கோடு பிரைட், சிவப்புக் கோடு டிம். பச்சையில் சிவப்புக் கோடு இடது இன்டிகேட்டர், வெள்ளைக் கோடு வலது. கறுப்பு எர்த். 50 வருட அழுக்கில் வெள்ளையும் வெளிர்பச்சையும் ஒன்றுபோலத் தெரியும். துணியால் துடைத்துப் பார்த்த பிறகே பெயர் எழுதுங்கள். திரும்ப மாட்டும்போது, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுவதும் திருப்பி, எந்த வயரும் உரசவில்லை என்று உறுதி செய்யுங்கள்.

வேலை முடிந்ததும் மறுபடி அளக்கவேண்டும். பேட்டரிக்கும் பல்புக்கும் வித்தியாசம் அரை வோல்ட்டுக்குள் வந்தால் கணக்கை முடித்துக் கையெழுத்துப் போடலாம்.

ஸ்போர்ட்ஸ் கார் இல்லாத நமக்கு இதில் என்ன? இரண்டே விஷயம் சொல்லி முடிக்கிறேன். வெளிச்சம் போதவில்லை என்று பலர் கடையில் 100/90 பல்பு வாங்கி அப்படியே மாட்டுகிறார்கள். பிரைட்டில் 200 வாட், அதாவது 16 ஆம்பியருக்கு மேல். 60 வாட் பல்புக்குப் போட்ட வயரும் சுவிட்சும் அதைத் தாங்காது. ஹோல்டர் உருகும். மங்கலுக்குக் காரணம் எர்த்தாக இருந்தால், பெரிய பல்பு போட்டாலும் அது தீராது. இரண்டாவது, ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று பெரிய ஃபியூஸோ வெள்ளிக் காகிதமோ வைக்காதீர்கள். ஃபியூஸ் எரிவது புகார் மனு. மனுவைக் கிழித்துப் போட்டால் புகார் தீராது. வண்டி நம் பேஸ்மென்டில் வரிசையாக நாற்பது வண்டிகளுக்கு நடுவில் நிற்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

எந்தக் கோளாறையும் அளந்து பார்த்துவிட்டு மாற்றுங்கள். மாற்றியபின் மறுபடி அளந்து பாருங்கள். மீட்டர் என்னிடம் இருக்கிறது, ஞாயிறு காலையில் கேட்பவர்களுக்குத் தருகிறேன். திருப்பிக் கொடுக்கும்போது மட்டும் பதிவேட்டில் கையெழுத்துப் போடவேண்டும்.