வெண்பாக்கத்துக் கோல்

  

வேண்டிக்கொண்டோம், இன்னும் கைகூடவில்லை. அதுவரை அடியவன் எப்படி இருப்பது? 'வாயை மூடிக்கொண்டு பொறுத்திரு' என்றுதான் பெரியவர்கள் சொல்வார்கள். தேவாரம் பாடிய சுந்தரமூர்த்தி நாயனாரிடம் அந்தப் பேச்சு எடுபட்டிருக்காது. காத்திருந்த காலமெல்லாம் அவர் இறைவனோடு சண்டை போட்டார். ஆனால் நடையை நிறுத்தவில்லை. அவருடைய பொறுமையை அந்த நடையில்தான் நான் காண்கிறேன்.

கதை தெரிந்ததுதான். திருவொற்றியூரில் சங்கிலியாரை மணப்பதற்காக, அவரைப் பிரிவதில்லை என்று சத்தியம் செய்துகொடுத்தார். அதிலும் ஒரு தந்திரம். 'சந்நிதியில் சத்தியம் கேட்பாள்; அந்த நேரம் நீர் மகிழமரத்தடிக்குப் போய்விடும்' என்று இறைவனிடமே பேசிவைத்திருந்தார். இறைவனோ மகிழடியிலேயே சத்தியம் வாங்கிக்கொள்ளும்படி சங்கிலியாருக்குச் சொல்லிவிட்டார்! பிறகு வசந்தம் வந்தது, திருவாரூர் நினைவு வந்தது. சொல்லை மீறி ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போயின. பிழை முழுக்க அவருடையதே. ஆனாலும் பிழை செய்தவனுக்குக் கேட்கும் வாய் கிடையாது என்று அவர் ஒதுங்கிவிடவில்லை.

வடதிருமுல்லைவாயிலில் பாடினார், கண் வரவில்லை. திருவெண்பாக்கத்துக்கு வந்து, 'கோயிலுக்குள் இருக்கிறீரா?' என்றே கேட்டுவிட்டார். இருக்கிறோம், நீர் போய்வாரும் என்கிற பாங்கில் பதில் வந்தது. கூடவே ஓர் ஊன்றுகோலும் கிடைத்தது. கண் கேட்டவருக்குக் கோல். அவர் கோபத்தில் அதை வீசியெறிய, அது பட்டு நந்தியின் கொம்பு ஒடிந்தது என்று ஊர்க்கதை சொல்கிறது. சென்னைக்குக் குடிநீர் தர 1944இல் பூண்டி நீர்த்தேக்கம் கட்டியபோது பழைய கோயில் நீருக்குள் போய்விட்டது. இன்று பூண்டியில் இருக்கும் ஊன்றீசுவரர் கோயிலில் ஒரு கொம்பு ஒடிந்த அந்த நந்தியைப் பார்க்கலாம். அம்மனுக்கு மின்னொளியம்மை என்று பெயர். கண்ணில்லாதவருக்கு மின்னலாய் வழி காட்டினாளாம்.

நம் வீடுகளிலும் இப்படித்தான். பெரிதாக ஒன்றைக் கேட்டிருப்போம். அன்றைக்கு ஒப்பேற்றும் அளவுக்கு ஏதோ ஒன்று கிடைத்திருக்கும். அதையும் வரவில் வைக்க நமக்கு மனம் வருவதில்லை. சுந்தரர் கோலை எறிந்தாரோ வைத்துக்கொண்டாரோ, அடுத்த ஊருக்குப் புறப்பட்டுவிட்டார். திருவாலங்காட்டை வணங்கிக் காஞ்சிக்கு வந்தார். முதலில் காமகோட்டத்தில் அம்மையைத் தொழுதுவிட்டு ஏகம்பத்துக்குப் போனார். அங்கே இடக்கண் வந்தது.

ஒரு கண்ணோடு அவர் அடங்கவில்லை. வழியில் உடம்பில் நோய் வேறு கண்டிருந்தது. திருத்துருத்தியில், இன்றைய குத்தாலத்தில், குளத்தில் மூழ்கி எழுந்ததும் அது தீர்ந்தது. கடைசியில் திருவாரூர். அங்கே பாடிய பதிகத்தைப் பணிவான விண்ணப்பம் என்று யாரும் சொல்ல முடியாது. உமக்கே ஆளான அடியார்கள் இப்படித் தவிக்கும்போது, நீர் மட்டும் நன்றாக வாழும் என்கிற தொனியில் வயிறெரிந்து பேசுகிறார். அதற்குப் பிறகுதான் வலக்கண் வந்தது. தம்பிரான் தோழர் என்ற பெயர் சும்மா வந்ததா? உரிமை இல்லாத இடத்தில் யாரும் இப்படிப் பேசுவதில்லை. கேட்பவர் இருக்கிறார் என்ற உறுதி இல்லாதவன் சண்டைக்கே போகமாட்டான், பேசாமல் திரும்பிவிடுவான்.

இடக்கண் ஏன் முதலில், வலக்கண்ணுக்கு ஏன் ஆரூர் வரை நடக்கவேண்டும் என்று இந்தக் கதையைப் பெரிய புராணத்தில் பாடிய சேக்கிழார் காரணம் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. உரைகாரர்கள் சொல்கிறார்கள்; சேக்கிழாரின் மௌனமே எனக்குப் பிடித்திருக்கிறது.

இத்தனைக்கும் பிறகு சுந்தரர் ஓய்ந்தாரா? ஆரூரில் இருந்த முதல் மனைவி பரவையார், சங்கிலி விஷயம் தெரிந்து, வீட்டுக்குள் சேர்க்க மறுத்துவிட்டார். கண் கிடைத்த கையோடு அடுத்த விண்ணப்பம். இந்தமுறை இறைவனையே தூது போகச் சொன்னார். நள்ளிரவில், அர்ச்சகர் வேடத்தில் போன தூது பலிக்கவில்லை. சுந்தரர் விடவில்லை, இரண்டாம் முறையும் அனுப்பினார்.